கைக்குழந்தையும் 4 வயசுப் பொண்ணுமா வெளிநாட்டுப் பயணம்: எந்தப் பையில எதை, எவ்வளவு வைக்கிறது?

கூழாங்கல் (கேள்வி)

நாலு பேர் கிளம்புறோம். பெரியவங்க ரெண்டு, பொண்ணுக்கு 4 வயசு (16 கிலோ), பையனுக்கு 9 மாசம் (9 கிலோ, புட்டிப்பாலும் மசிச்ச சாப்பாடும்). மொத்தம் 12 நாள். ரெண்டு ஃப்ளைட், நடுவுல 4 மணி நேரம் டிரான்சிட். வீட்டைப் பூட்டினதுலேர்ந்து தங்குற அறைக் கதவைத் திறக்குற வரைக்கும் 22 மணி நேரம் ஆகும். அங்கே பகல்லயே 8 டிகிரி குளிர்.

டிக்கெட்ல மூணு பேருக்குத் தலா 23 கிலோ, பையனுக்கு 10 கிலோ. கைப்பை தலா 7 கிலோ. தேடினா கிடைக்கிற பட்டியல் எல்லாம் 'டயப்பர், துணி, மருந்து, பொம்மை'ன்னு நின்னுடுது. எத்தனை, எந்தப் பையில, எது ஒழுகும், எதை செக்யூரிட்டியில நிறுத்துவாங்க, அதைச் சொல்லுங்க. தெரிஞ்சவங்க விவரமா எழுதினா ரொம்ப உதவியா இருக்கும்.

வழித்துணை

ஆளுக்கொரு பெட்டின்னு பிரிக்கிறதை முதல்ல விடுங்க. எது எப்போ கைக்கு வேணும்னு பாத்துப் பிரிங்க. சீட்ல உக்காந்தபடியே எட்டணும்னா அது ஒரு சின்ன பை. விமானத்துக்குள்ள எப்பவாவது வேணும்னா கைப்பை. போய் இறங்கின முதல் ராத்திரிக்கு வேணும்னா ஒரே ஒரு பெட்டியோட மேல் அடுக்கு. மீதி எல்லாம் எங்க இருந்தாலும் பரவாயில்லை. பையனோட சாமான் நாலு இடத்துலயும் இருக்கும், அப்படித்தான் இருக்கணும்.

அடுத்து, கணக்கை 22 மணி நேரத்துக்குப் போடாதீங்க. இணைப்பு ஃப்ளைட் ஒண்ணு தவறினா அடுத்தது பல நேரம் மறுநாள்தான். செக்-இன் பண்ணின பெட்டி அதுவரைக்கும் உங்க கைக்கு வராம போகலாம். அதனால கூட 12 மணி நேரம் சேர்த்து 34ன்னு வைங்க. டயப்பர் 2 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னா 17, ஒரு 18 எடுத்துக்கோங்க. பால் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னா 9 வேளை. இது முழுக்கக் கைப்பையில.

18 டயப்பரையும் கட்டா வைக்காதீங்க. ஒரு டயப்பர், நாலஞ்சு ஈரத் துடைப்பான், ஒரு குப்பைக் கவர், மூணையும் சேர்த்து ஒரு ஜிப் கவர்ல போட்டா அது ஒரு செட். விமானத்துக் கழிவறையில டயப்பர் மாத்துற பலகை கமோடுக்கு மேல மடிச்சு விடுற மாதிரி இருக்கும். பையன் அதுல படுத்ததும் பை வைக்க இடமே இருக்காது, ஒரு கை எப்பவும் அவன் மேல இருக்கணும். அங்கே முழுப் பையைத் திறந்து துழாவ முடியாது. ஒரு செட்டும் மடக்குற விரிப்பும் போதும். எல்லா ஃப்ளைட்லயும் எல்லாக் கழிவறையிலும் அந்தப் பலகை இருக்காது, எதுல இருக்குன்னு ஏறினதும் கேட்டு வச்சுக்கோங்க. சீட் பையில மூணு செட் இருக்கட்டும், டிரான்சிட்ல மறுபடி நிரப்பிக்கலாம்.

துணி: கைப்பையில பையனுக்கு 3 மாத்து, பொண்ணுக்கு 2, பெரியவங்களுக்கு ஆளுக்கொரு சட்டை. பெரியவங்க சட்டையைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. மடியில இருக்கிற குழந்தை வாந்தி எடுத்தா முதல்ல நனையுறது அதுதான். ஒவ்வொரு மாத்தும் தனித்தனி ஜிப் கவர்ல. அழுக்கானதை அதே கவர்ல போட்டு மூடிடுங்க, நாத்தம் வெளியே வராது.

கைக்குழந்தைத் தொட்டில் கேட்டு முன்சுவர் வரிசை (தடுப்புச் சுவருக்கு நேர் பின்னாடி இருக்கிற சீட்) வாங்கியிருந்தா ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு. பல இடங்கள்ல 10, 11 கிலோதான், நீள வரம்பும் இருக்கும். 9 கிலோ பையனுக்கு இது ஓரத்துல நிக்கிற விஷயம், போன் பண்ணி உறுதிப்படுத்துங்க. ரெண்டாவது, முன்சுவர் வரிசையில உங்க முன்னாடி சீட் கிடையாது, அதனால அடியில பை வைக்கவும் இடம் கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாப் பையும் மேல் லாக்கருக்குப் போகணும். பெல்ட் விளக்கு அணையுற வரைக்கும் எழுந்து எடுக்க முடியாது. இறங்குற நேரத்துக்குத்தான் பால் புட்டி முக்கியமா வேணும்! அதையும் ஒரு டயப்பர் செட்டையும் மட்டும் ஜாக்கெட் பாக்கெட்லயே வச்சுக்கோங்க.

மழைக்குருவி

திரவத்தைப் பத்தி நான் எழுதுறேன்.

பொது விதி: ஒரு புட்டி 100 மில்லிக்கு மேல கூடாது, எல்லாம் சேர்ந்து 1 லிட்டர் ஒளிபுகும் கவர்ல அடங்கணும். சில விமான நிலையங்கள்ல புது ஸ்கேனர் வந்து இந்த வரம்பைத் தளர்த்திட்டாங்க. ஆனா டிரான்சிட்ல மறுபடி சோதனை இருந்தா அங்கே உள்ள விதிதான் செல்லும். கிளம்புற இடத்துல விட்டாங்கன்னு நம்பிப் போனா நடுவழியில குப்பையில போடணும்.

குழந்தையோட பால், தாய்ப்பால், காய்ச்சி ஆறின தண்ணி, மசிச்ச சாப்பாடு, மருந்து, இதுக்கெல்லாம் பெரும்பாலான நாடுகள்ல பயணத்துக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு. அதுக்கு அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே எடுத்துத் தனித் தட்டுல வச்சு 'குழந்தை உணவு'ன்னு சொல்லணும். பைக்கு அடியில இருந்து அவங்க கண்டுபிடிச்சா முழுப் பையும் பிரிச்சுக் காட்ட வேண்டியிருக்கும். அதனால இதையெல்லாம் ஒரே கவர்ல, பையோட மேல்பக்கம். பொம்மைகள்ல களிமண், ஸ்லைம், ஜெல் நிரப்பினது எல்லாம் திரவக் கணக்குல போகலாம். பெட்டியில போட்டுடுங்க.

பால்மாவை 9 சின்ன டப்பாவுல வேளைக்கு அளந்து வைங்க. உங்க டப்பாவுல 30 மில்லிக்கு 1 கரண்டின்னு போட்டிருந்தா 180 மில்லிக்கு 6. எல்லா மாவும் ஒரே கணக்கு இல்லை, லேபிளைப் பாருங்க. முதல்ல தண்ணி, அப்புறம் மாவு. மாறிப் போச்சுன்னா பால் கெட்டியாகி வயித்தைக் கட்டும். பால்மாவு கிருமி நீக்கின பொருள் இல்லை. அதனால 70 டிகிரிக்குக் குறையாத சூட்டுத் தண்ணியில கரைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. செக்யூரிட்டி தாண்டினதும் ஏதாவது காபிக் கடையில கொதிநீர் வாங்கி நல்ல ஃப்ளாஸ்க்ல ஊத்திக்கோங்க. கரைச்சதும் புட்டியைக் குளிர்ந்த தண்ணியில நிறுத்தி ஆறவச்சு, மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுக் கொடுங்க. கலந்த பால் 2 மணி நேரத்துக்குள்ள குடிக்கலைன்னா கொட்டிடணும். 'அடுத்த வேளைக்கு ஆகும்'னு வைக்கவே கூடாது.

இப்போ காத்தழுத்தம். விமானத்துக்குள்ள இருக்கிற அழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் மலை உச்சியில இருக்கிற மாதிரி. தரையில மூடின டப்பாவுக்குள்ள மாட்டிக்கிட்ட காத்து மேல போனதும் விரியும், அதிகபட்சம் மூணுல ஒரு பங்கு கூடும். உறிஞ்சிக்குழல் வச்ச தண்ணிக் குப்பி இருக்கே, அதுல இதைக் கண்ணால பாக்கலாம். குழலோட அடிமுனை தண்ணிக்குள்ள, மேலே விரிஞ்ச காத்து. மடிச்ச குழலை நிமித்தின அடுத்த நொடி தண்ணி பீய்ச்சி அடிச்சுப் பக்கத்து சீட் வரைக்கும் போகும். குழல் மடிச்சபடி இருக்கும்போதே மூடியை அரைச் சுத்து திருகி, 'ஸ்ஸ்'ஸுன்னு காத்து போனதும் இறுக்கி, அப்புறம் குழலை எடுங்க. பொண்ணுகிட்ட கொடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் செய்யணும்.

பெட்டியில போற ஷாம்பு, எண்ணெய், சிரப்புக்கும் இதேதான். மூடியைத் திறந்து புட்டியை லேசா அமுக்கிக் காத்தை வெளியேத்தி, வாயில ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள் வச்சு, அது மேல மூடியைத் திருகுங்க. தட்டித் திறக்குற மூடின்னா டேப்பும் ஒட்டணும். எல்லாம் ஜிப் கவருக்குள்ள.

காது வலி இறங்கும்போதுதான் அதிகம். தரைதொட அரை மணி நேரத்துக்கு முன்னாடியே விமானம் இறங்க ஆரம்பிச்சிடும். விழுங்கும்போது காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல இருக்கிற குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். பையனுக்கு அந்த நேரத்துல புட்டியோ ரப்பர் காம்போ வேணும், பொண்ணுக்கு உறிஞ்சிக்குடிக்க ஏதாவது. இதுக்காகவே ஒரு வேளைப் பாலைக் கணக்குல ஒதுக்கி வைங்க. தூங்கிட்டு இருந்தா இறக்கம் தொடங்கும்போதே எழுப்பிடுங்க.

பருத்தி

மருந்துப் பையில நடக்கிற பெரிய தப்பு, பாராசிட்டமாலை 'எத்தனை மில்லி'ன்னு மட்டும் நினைவு வச்சுக்கிறது. ஒரே மருந்து 5 மில்லியில 120 மில்லிகிராம்னும் வரும், 250ன்னும் வரும். கைக்குழந்தைச் சொட்டு மருந்து 1 மில்லியிலயே 100 மில்லிகிராம்.

அளவு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்துல 4 தடவைக்கு மேல கூடாது. உங்க பையன் 9 கிலோ, அதிகபட்சம் 135 மில்லிகிராம். 120 சிரப்னா 5.6 மில்லி, 250 சிரப்னா 2.7, சொட்டு மருந்துன்னா 1.35. சிரப் பழக்கத்துல சொட்டு மருந்தை 5 மில்லி ஊத்திட்டா 500 மில்லிகிராம் போயிடும், கிட்டத்தட்ட நாலு மடங்கு. தூக்கக் கலக்கத்துல, நடுராத்திரி, வேற நாட்டுல வாங்கின புட்டியில இது சுலபமா நடக்கும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் எடை போட்டு, உங்க டாக்டர்கிட்ட மில்லிகிராமாவே எழுதி வாங்கி, அந்தச் சீட்டைப் புட்டியோட ரப்பர் பேண்ட் போட்டு வைங்க. அளக்க 5 மில்லி ஊசியில்லாத சிரிஞ்ச் ரெண்டு. சமையல் கரண்டி வேண்டாம்.

மருந்து எல்லாம் அசல் அட்டைப்பெட்டியில, மருந்துச் சீட்டோட. சீட்டுல வேதிப்பெயர் இருக்கணும், கம்பெனிப் பேர் வெளிநாட்டு மருந்துக்கடையில புரியாது. சளி மருந்துல ஜாக்கிரதை: சூடோஎபெட்ரின், கோடீன் சில நாடுகள்ல தடை அல்லது கட்டுப்பாடு. சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல இருக்கிற மருந்தை ஜப்பானுக்குக் கொண்டு போகவே கூடாது. போற நாட்டுத் தூதரகத் தளத்துல பாத்துடுங்க, டிரான்சிட் நாட்டுக்கும் சேர்த்து.

ஓஆர்எஸ் 6 பாக்கெட் போதும். 1 லிட்டருக்குன்னு எழுதின பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சா உப்பு பல மடங்கு ஏறி ஆபத்தாகும். பாதி பாக்கெட் கணக்கும் வேண்டாம், கலந்த பொடி ஒரே சீராப் பிரியாது. முழுசா 1 லிட்டர்ல கரைச்சு 24 மணி நேரத்துக்குள்ள மீதியைக் கொட்டிடுங்க. பையனுக்கு ஒவ்வொரு தடவை வயித்தால போனதுக்கும் 50 முதல் 100 மில்லி, பொண்ணுக்கு 100 முதல் 200.

டிஜிட்டல் தெர்மாமீட்டர், டயப்பர் புண் களிம்பு, மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு. கடைசியா சொன்னது சீட் பையில இருக்கட்டும். விமானக் காத்துல ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ போகும், மூக்கு அடைச்சா பையன் புட்டி பிடிக்க மாட்டான்.

தூங்க வைக்கிறதுக்குன்னு அலர்ஜி மருந்து எதுவும் கொடுக்காதீங்க, தயவுசெஞ்சு. சில குழந்தைகளுக்கு அது நேர்மாறா வேலை செஞ்சு தூக்கத்தையே கெடுக்கும். அந்த வகையில ஒண்ணான புரோமெத்தசின் 2 வயசுக்குக் கீழ மூச்சையே அடக்கக்கூடியது.

டயப்பர் பத்தி ஒரு மாத்துக் கருத்து. போற இடத்துக்கு 12 நாளைக்கும் எடுத்துட்டுப் போறதுல தப்பில்லை. நாளைக்கு 6ன்னா 72, ஒண்ணு சுமார் 35 கிராம், மொத்தமே 2.5 கிலோ. தீரத் தீர பெட்டியில இடம் காலியாகும், திரும்பி வரும்போது அந்த இடம் உதவும்.

வழித்துணை

பருத்தி, எடைக்கு அது சரி, இடத்துக்கு இல்லை. குளிர் துணி இருக்கிற பெட்டியில 72 டயப்பர் அடங்காது. என் பரிந்துரை ரெண்டு நாளைக்கு 14, மீதியை அங்கேயே வாங்கிக்கலாம். வாங்கும்போது சைஸ் எண்ணைப் பாக்காதீங்க. கம்பெனிக்குக் கம்பெனி 3ம் 4ம் மாறும். பாக்கெட்ல இருக்கிற கிலோ அளவைப் பாருங்க. தோல் சீக்கிரம் புண்ணாகிற குழந்தைன்னா மட்டும் பருத்தி சொல்றபடி முழுசா எடுத்துட்டுப் போங்க.

கூழாங்கல்

ரெண்டு பேர் சொல்றதும் புரியுது, பையனுக்குத் தோல் பிரச்சினை இல்லை, அதனால 14. அப்படியே தள்ளுவண்டி, கார் சீட், புட்டி ஸ்டெரிலைசர் பத்தியும் சொல்லுங்க. அப்புறம் பெட்டி வராம போனா என்ன பண்றது?

கடைசிப்பெட்டி

ஸ்டெரிலைசர் வேண்டாம். சார்ஜர்ல 'இன்புட் 100–240'ன்னு எழுதியிருந்தா அது எங்கேயும் ஓடும், பிளக் மாத்தி மட்டும் போதும். சூடாக்குற சாதனங்கள்ல பெரும்பாலும் ஒரே வோல்ட்தான். 230 வோல்ட் சாதனத்தை 115ல போட்டா நாலுல ஒரு பங்கு சூடுதான் வரும். 115 சாதனத்தை 230ல போட்டா நாலு மடங்கு, உடனே கருகிடும். அறையில அடுப்பு இருந்தா கழுவின புட்டியைத் தண்ணியில முக்கி 5 நிமிஷம் கொதிக்க விடுங்க, போதும். புட்டி கழுவுற பிரஷும் 100 மில்லி சோப்பும் மறக்காதீங்க.

தள்ளுவண்டியை விமான வாசல் வரைக்கும் கொண்டு போய்க் கொடுக்கலாம். டேக் போடும்போதே 'டிரான்சிட்ல வாசல்ல கிடைக்குமா, கடைசி ஊர்லதானா'ன்னு கேளுங்க. பல இடத்துல கடைசி ஊர்லதான் வரும், அப்போ 4 மணி நேரம் பையன் உங்க தோள்லதான். அதனால துணித் தூளி மாதிரி மாட்டுற கேரியர் கட்டாயம். கொடுக்குறதுக்கு முன்னாடி கப் ஹோல்டர், முன்கம்பி, மழைக்கவர், தொங்குற பொம்மை எல்லாம் கழட்டிடுங்க, தொலையுறது அதுங்கதான். மடிச்சு ஒரு பட்டை கட்டுங்க, தூக்கும்போது விரிஞ்சாதான் சக்கரம் உடையும்.

கார் சீட் ரெண்டு வகைச் சிக்கல். ஒண்ணு சட்டம்: ஐரோப்பிய ஒப்புதல் ஸ்டிக்கர் இருக்கிற சீட் அமெரிக்காவுல சட்டப்படி செல்லாது, அங்கேயுள்ளது ஐரோப்பாவுல செல்லாது. ரெண்டாவது, அடிபடுறது: சரக்கு அறையில தூக்கிப் போடப்பட்ட சீட்ல உள்ளே விரிசல் விட்டா வெளியே தெரியாது. வாடகைக் கார் எடுக்கிறதா இருந்தா முன்பதிவுல எடையும் வயசும் சொல்லி அங்கேயே கேளுங்க. கொண்டு போனா அட்டைப்பெட்டியில சுத்தி மெத்தை வச்சு அனுப்புங்க.

பவர் பேங்க் கைப்பையில மட்டும். 20,000 எம்ஏஎச் பெருக்கல் 3.7 வகுத்தல் 1,000, வர்றது 74 வாட்-அவர். 100 வரைக்கும் அனுமதி கேக்க வேண்டாம், 100 முதல் 160 வரைக்கும் விமான நிறுவனத்தோட ஒப்புதல் வேணும். ஆனா சில நிறுவனங்கள் எத்தனை எடுக்கலாம்னு தனி வரம்பு வச்சிருக்கு, பறக்கும்போது பயன்படுத்தவும் விடுறதில்லை. மாட்டிக்கிற இடம் வேற ஒண்ணு: லாக்கர் நிறைஞ்சு போய் வாசல்லயே கைப்பையைக் கேட்டு வாங்கி சரக்கு அறைக்கு அனுப்புவாங்க. அந்த அவசரத்துல பவர் பேங்க், மருந்து, பால், பாஸ்போர்ட் எல்லாம் அதோட போயிடும். அதனால இந்த நாலும் கைப்பைக்குள்ளயே ஒரு தனிப் பையில இருக்கட்டும். கேட்டா அதை உருவிக்கிட்டு மீதியைக் கொடுத்துடலாம்.

பெட்டி வராம போறதுக்கு இப்பவே செய்யணும்: எல்லார் துணியையும் ரெண்டு பெட்டியில பாதிபாதியாப் பிரிச்சு வைங்க. ஒண்ணு வரலைன்னாலும் யாரும் மாத்துத் துணி இல்லாம நிக்க மாட்டாங்க. மூடுறதுக்கு முன்னாடி திறந்த பெட்டியைப் போட்டோ எடுங்க. உள்ளேயும் ஒரு சீட்டுல பேர், தங்குற இட முகவரி. வரலைன்னா விமான நிலையத்தை விட்டு வெளியே போறதுக்கு முன்னாடியே கவுன்டர்ல புகார் எழுதிப் பதிவு எண் வாங்கணும். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ள எழுத்துல புகார், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ள, 21 நாளாகியும் வரலைன்னா தொலைஞ்சதாக் கணக்கு. பொறுப்பு வரம்பு 2024 டிசம்பர் 28லேர்ந்து ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தோட கணக்கு அலகு). அதுவரைக்கும் வாங்குற டயப்பர், துணிக்கெல்லாம் ரசீது வைங்க.

பாஸ்போர்ட்: பல நாடுகள் 6 மாசம் செல்லுபடி மிச்சம் இருக்கணும்னு கேக்கும். குழந்தை பாஸ்போர்ட் பல நாடுகள்ல பெரியவங்களுதைவிடச் சீக்கிரம் காலாவதியாகும், முதல்ல அதைப் பாருங்க. பிறப்புச் சான்று நகல் ஒண்ணு கைப்பையில. பெற்றோர்ல ஒருத்தர் மட்டும் கூடப் போறதா மாறினா, மத்தவரோட ஒப்புதல் கடிதம் வேணும்.

கூழாங்கல்

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு: 8 டிகிரிக்குப் பஞ்சு வச்ச கனமான ஜாக்கெட் ரெண்டு பேருக்கும் வாங்கலாமா? பெட்டியில பாதியை அதுவே அடைச்சிடும் போல.

மழைக்குருவி

பொண்ணுக்கு ஒண்ணு சரி. அதைப் பெட்டியில வைக்காம ஃப்ளைட்ல கையில எடுத்துக்கோங்க, தலையணையா ஆகும். பையனுக்கு வேண்டாம். உடம்போட ஒட்டின பருத்தி, மேல ஃப்ளீஸ், வெளியே காத்து புகாத மெல்லிய உறை, இந்த மூணு அடுக்கு போதும். மூணும் சேர்ந்தே ஒரு ஜிப் கவர்ல அமுங்கும். தள்ளுவண்டியில இருக்கும்போது மேல ஒரு போர்வை.

கனமான ஜாக்கெட்டோட கார் சீட்ல உக்கார வச்சுப் பெல்ட் போடவும் கூடாது. மோதும்போது பஞ்சு அமுங்கி, பட்டைக்கும் உடம்புக்கும் நடுவுல இடைவெளி விழுந்துடும். ஜாக்கெட்டைக் கழட்டி, தோள்கிட்ட பட்டையை விரலால கிள்ளினா மடிப்பு பிடிபடாத அளவுக்கு இறுக்கி, அதுக்கு அப்புறம் ஜாக்கெட்டை முன்பக்கமாத் திருப்பிக் கை மாட்டி மேல போத்தி விடுங்க.